திசை தப்பிக் கேட்ட துஆ

ஓரிறையின் கருணையால் உங்கள் எல்லார் மீதும் அமைதி உண்டாகட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பார்வை திரும்பவில்லை. துஆ கபூலானதை, கேட்டது இறைவனிடம் ஏற்கப்பட்டதைப் பற்றி எழுதுகிறாரே, கடைசியில் இந்த அம்மாவுக்குக் கண் திறந்திருக்கும் என்று நினைத்துப் படிக்க வருகிறவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். தன்னைப் பற்றி வரும் இடங்களில் அவர் பேனா கொஞ்சம் தயங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சபூரா. பொறுமைக்காரி என்று அர்த்தம். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தெரியும். கையில் ஒரு வேலை, வாயில் ஒரு வேலை என்று ஓடிக்கொண்டிருந்தவள். விருந்து என்றால் நான்தான் பரிமாறுவேன். யார் தட்டில் கறி குறைகிறது என்று மூலையில் நின்றே கண்டுபிடித்துவிடுவேன்.

இனிப்புநீர், அதுதான் சர்க்கரை நோய், என் கண்ணைத் தின்றது. முதலில் இடக்கண். மறு வருடம் வலக்கண். கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்றார்கள். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், அறுவை சிகிச்சையும் செய்தார்கள். ஒருநாள் டாக்டர் ரொம்பத் தணிந்த குரலில், "இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, மேடம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸி ரேடியோவில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்வை போனால் இருட்டுத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இருட்டு பழகிவிடும். பழகாதவை சின்னச் சின்னவை. தேநீரை ஊற்றினால் பாதி மேசையில் இருக்கும். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போயிருக்கிறேன். யாராவது சலாம் சொன்னால் இரண்டு கையையும் நீட்டுவேன், கை காற்றில் நிற்கும், எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. பேசுகிறவர் நகர்ந்து போயிருப்பார், நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஒரு பிள்ளை சிரிக்கும். அதன் தாய் "ஷ்" என்பாள். அந்த "ஷ்" இருக்கிறதே, அது சிரிப்பை விட மோசம்.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது ஒரு சஹன் சாப்பாட்டில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய தாம்பாளம். நடுவில் நெய்ச்சோறு, மேலே கறி. மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. நல்ல துண்டு நம் பக்கம் இருந்தால் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். நாங்கள் குழந்தைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் மரியாதை இதுதான்.

உறவினர் வீட்டு விருந்து ஒன்றில் என் கை அடுத்தவர் பக்கம் போய்விட்டது. ஒரு பெண்ணின் விரல்களுக்கு நடுவிலிருந்தே கறித்துண்டை எடுத்துவிட்டேன். "பரவாயில்ல ராத்தா, நீங்களே எடுத்துக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் கறியை என் பக்கமே தள்ளத் தொடங்கினார்கள். என் முன்னால் குவிந்துகொண்டே போனது. திருப்பித் தள்ளலாம் என்றால் யாருக்கு, எந்தப் பக்கம்? பசிக்கிறது, சாப்பிட முடியவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து விருந்து, கல்யாணம் எதற்கும் போவதில்லை என்று முடிவு கட்டினேன். பிறகு எதற்குமே வெளியே போகவில்லை. என் வீட்டுக்காரர் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். மகள் நஸ்ரின் பாலர் பள்ளியில் ஆசிரியை. நான் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். கபுருக்கு, மண்ணறைக்குப் போகுமுன்னே கபுரில் இருப்பதாகத் தோன்றும்.

இந்த நிலையில்தான் நஸ்ரினுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் ரியாஸ். நல்ல பிள்ளை. அவன் தாயார் நூர்ஜஹான், என்னை விட மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். நிச்சயத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். நிக்காஹ் தேதி குறித்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம்.

ஏனென்றால் நிக்காஹ் அன்று இரண்டு தாய்மாரும் மணப்பெண்ணை நடுவில் வைத்து ஒரே சஹனில் உட்கார வேண்டும். முதலில் மாமியார் ஒரு கவளம் ஊட்ட வேண்டும், பிறகு தாய் ஊட்ட வேண்டும். இரண்டு குடும்பத்திலும் இதே வழக்கம். சுற்றிப் பெண்கள் நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள். என் மகளின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாத நான் அவளுக்கு என்னத்தை ஊட்டுவது?

நஸ்ரின்தான் பார்வையற்றோருக்கான ஒரு சங்கத்துக்குப் போன் போட்டாள். தேவி என்று ஒரு பெண் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தாள். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றச் சொன்னாள். ஒருவர் பேசினால் அந்தக் குரல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னாள். வெளியே போகும்போது என்னை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, நான்தான் அவர்கள் முழங்கையைப் பிடிக்க வேண்டும் என்றாள். தட்டை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆறு மணியில் சோறு, பன்னிரண்டில் கறி, மூன்றில் காய்.

"தேவி, எங்க சஹன்ல மூணு பேரு கைபோடுவாங்க. உன் கடிகாரத்துல மணி மாறிக்கிட்டே இருக்கும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்படின்னா விளிம்பைப் பிடிச்சுக்குங்க ஆன்ட்டி. இடது கை விரல் ரெண்டு விளிம்புல, அதுக்கு நேரா வலது கை. அதைத் தாண்டாதீங்க. ஸ்லோவா பண்ணுங்க லா, யாரும் துரத்தல."

மெதுவாகச் செய்வது என் ரத்தத்திலேயே கிடையாது. எலும்பிலிருந்து கறியை விரலால் பிரித்தெடுக்கப் பழகவே பல நாள் ஆனது. கண்ணால் செய்த வேலையை நகக்கண் செய்ய வேண்டும். ஊட்டுவதற்கு நஸ்ரினை எதிரே உட்கார வைத்தாள். "சத்தம் வர்ற இடத்துலதான் வாய் இருக்கு. அவங்களைப் பேச வைங்க" என்றாள். நஸ்ரின் ஏதோ பேசினாள், நான் ஊட்டினேன், சோறு அவள் மூக்கில் போயிற்று. அவள் தும்மித் தும்மிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் குழந்தையில் ஊட்டி வளர்த்த கை இது. நான்கு தடவை ஊட்டினால் ஒரு தடவை சரியாகப் போகும், அவ்வளவுதான்.

அப்படித் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி வந்தது. நூர்ஜஹான் ராத்தா சொல்லி அனுப்பியிருந்தார். சஹன் எல்லாம் எதற்கு, இந்தக் காலத்தில் எல்லாருக்கும் தனித்தனித் தட்டு வைத்துவிடலாமே, ஊட்டுவதும் வேண்டாமே என்று.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விருந்தில் நடந்ததை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். குருடியோடு ஒரே தாம்பாளத்தில் கைவைக்க அவருக்கு அருவருப்பு. நிச்சயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது எல்லாம் சும்மா. நஸ்ரின் கொதித்துப்போய், "நான் ரியாஸ்கிட்ட கேக்குறேன் உம்மா" என்றாள். கேட்டால் கல்யாணமே நின்றுபோகும் என்று அவள் வாயை அடைத்தேன். தேவியிடம் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதற்காகப் பழக வேண்டும்? யாருக்காக? கல்யாணத்தன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த வாரங்களில் நான் அல்லாஹ்விடம் கேட்டது ஒன்றுதான். கண்ணைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்.

தொழுகையை மட்டும் விடவில்லை. அது ஒன்றுதான் யார் உதவியும் இல்லாமல் நான் செய்த காரியம். கட்டிலின் கால்மாட்டை ஒட்டி முஸல்லாவை, தொழுகைப் பாயை, விரிப்பேன். கட்டில் விளிம்பு என் இடது காலில் பட வேண்டும், அப்படி நின்றால் கிப்லா, மக்காவின் திசை, சரியாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் புது அலமாரி வந்தது. அதை நுழைப்பதற்காக வேலையாட்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். "கட்டிலைத் திருப்பியிருக்கு, பார்த்து நட" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இடித்துக்கொள்ளாமல் நடந்தேன். முஸல்லாவைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

சில நாள் கழித்து நஸ்ரின் சீக்கிரம் வேலை முடிந்து வந்தாள். நான் சாயங்காலத்து அசர் தொழுதுகொண்டிருந்தேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை காத்திருந்தவள், ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"உம்மா, ஏன் அலமாரியைப் பார்த்துத் தொழுவுறீங்க?"

கையை நீட்டித் தடவினேன். அத்தனை நாளும் நான் தொழுதது ஒரு பிளைவுட் அலமாரியின் கதவைப் பார்த்து. எனக்கென்று மிச்சமிருந்ததும் போயிற்று. நஸ்ரின் என் தோளைப் பிடித்துத் திருப்ப வந்தாள். "என்னைத் தொடாதே, வெளிய போ" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது கேட்டது.

நான் திரும்பவில்லை. திரும்பத் தெம்பில்லை. அந்த அலமாரிப் பக்கமே கையேந்தினேன். அழகான துஆ எதுவும் வாயில் வரவில்லை. என் பேச்சுத் தமிழில்தான் கேட்டேன். "யா அல்லாஹ், எனக்குக் கிப்லாவும் தெரியல, வழியும் தெரியல. கண்ணு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நீ தரலன்னா போகட்டும். ஆனா என் கையை வாங்குற கையா மட்டும் வச்சிடாதே. அந்தச் சஹன்ல ஒரே ஒருத்தருக்காவது இந்தக் கை உதவட்டும்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேட்டதும் நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். எதுவும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். பிறகு பழைய கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே நஸ்ரினைக் கூப்பிட்டு ராத்தாவுக்குப் போன் போடச் சொன்னேன்.

"ராத்தா, சபூரா பேசுறேன். சஹன் வைக்கத்தான் போறோம். என் கை உங்க பக்கம் வந்தா தட்டிவிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா என் புள்ளைக்கு நாம ரெண்டு பேரும் ஊட்டாம அனுப்ப மாட்டேன்."

"சரி மா" என்றார். அந்தக் குரலில் விருப்பமே இல்லை. பேசாமல் இருந்திருக்கலாமே என்று உடனே வருத்தப்பட்டேன். தேவியைத் திரும்பக் கூப்பிட்டோம். அவள் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

நிக்காஹ் அன்று சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் வாடகை மண்டபம். என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் பூக்கடை வாசனை, பேருந்துச் சத்தம், வாழ்த்துச் சொல்லும் குரல்கள். குரல் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்களுக்கான அறையில் பாய் விரித்துச் சஹனை வைத்தார்கள். நடுவில் நஸ்ரின். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நூர்ஜஹான் ராத்தா. இறைவன் பேரால் என்று பிஸ்மி சொன்னோம்.

முதலில் மாமியார்தான் ஊட்ட வேண்டும். காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றி நின்ற பெண்களின் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். போட்டோ எடுக்கிறவள் "ரெடி ஆன்ட்டி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நான் கைவைத்த சஹனில் கைவைக்க மாட்டேன் என்கிறார், அதுவும் என் மகள் முன்னால், இத்தனை பேர் முன்னால். எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது. எழுந்தால் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாது. அதனால்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பொறுமையால் அல்ல.

ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே என்று என் பக்கத்துக் கறியைப் பிய்த்தேன். எலும்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போன கை, விளிம்பு, தேவி, கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து ராத்தாவின் பக்கம் போய்விட்டது.

அங்கே ஒரு கை இருந்தது. சோற்றுக்குள் கிடந்தது. என் விரல் பட்டதும் விலகும் என்று நினைத்தேன். விலகவில்லை. விரல்கள் மூட முயன்றன, மூடவில்லை, பிடித்த சோறு உதிர்ந்தது. இந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நிச்சயத்தன்று அவர் பேசியபோது இரண்டு கையிலும் வளையல் குலுங்கியது. இன்றைக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு பக்கம்தான் சத்தம்.

அவர் தாம்பாளத்துக்கு மேலாகவே என் காதருகே குனிந்தார். "எனக்கு வலது கை வரல சபூரா. நிச்சயத்துக்கு அப்புறம் சின்னதா ஒரு ஸ்ட்ரோக். மாமியாருக்கு ஆயா வேலை பாக்கத்தான் பொண்ணு எடுக்குறாங்கன்னு நீங்க நெனச்சிட்டா? அதான் ரியாஸையும் சொல்லக் கூடாதுன்னுட்டேன். இடது கையால எப்படி மா புள்ளைக்கு ஊட்டுறது?"

தனித்தட்டு கேட்டது எனக்காக இல்லை. அவருக்காக. ஒரே சஹனை நினைத்து இரண்டு வீட்டில் இரண்டு பெண்கள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நெய்ச்சோற்றை எடுத்தேன், கறியை நாராகப் பிய்த்து அதில் வைத்தேன், ஒரு கவளமாக உருட்டினேன். இது மட்டும் எனக்குத் தெரியும், கண் இல்லாமல் தெரியும். அவர் உள்ளங்கையைத் திருப்பி அதில் வைத்து, என் கையால் அவர் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"தூக்கறது நான். எங்க போகணும்னு நீங்க பாருங்க ராத்தா."

"கொஞ்சம் மேல" என்றார். "போதும். இப்ப உன் பக்கமா. இன்னும் கொஞ்சம்."

நஸ்ரினின் மூச்சு என் விரலில் பட்டது. பிறகு அவள் உதடு. ஒரு பருக்கை சிந்தவில்லை. அவள் மெல்லவே இல்லை, வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு நான் ஊட்டினேன், அதற்கும் ராத்தாதான் வழி சொன்னார். அன்று சாப்பாடு முடியும்வரை நான் கறியைப் பிய்த்துப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். பார்வை போன பிறகு முதன்முறையாக ஒருவர் பக்கம் நான் தள்ளிய கறி அது.

ராத்தாவின் கை இன்னும் முழுதாக வரவில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சியோடு, நானும் மாவு பிசைய வைத்து அவரைப் பாடுபடுத்துகிறேன். நான் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி அவர் வீட்டுக்குப் போகப் பழகியிருக்கிறேன். இரண்டு முறை வழி தவறி அழுதிருக்கிறேன். இருட்டு இருட்டாகத்தான் இருக்கிறது. சில காலை எழுந்திருக்கவே பிடிக்காது. ஆனாலும் எழுந்திருக்கிறேன், ஏனென்றால் ஒருவருக்கு என் கை வேண்டியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கேட்டது கிடைக்காமல் போகலாம். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே, முறை தவறிவிட்டதே என்று கையை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

இப்போது எங்கள் அறைத் தரையில் நஸ்ரின் ஒரு கயிற்றை ஒட்டிவைத்திருக்கிறாள். காலால் தடவிப் பார்த்துக் கிப்லாவுக்கு நேராக நிற்கிறேன். தவறுவதில்லை. ஆனால் சில நாள் தொழுது முடித்ததும் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, அந்த அலமாரிப் பக்கமும் ஒருதரம் கையேந்திவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.